ஆருக்குக் கலியாணம்?

படத்தில் ஒரு மனைவி கட்டில் நுனியில் இருந்துகொண்டு, "நீயும் நானும் தனியாக இருந்தால் என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை" என்று புருஷனிடம் சொல்லி அழுகிறாள். அந்த இடத்தில் நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். சும்மா சிரிப்பு இல்லை. மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் சிரிப்பு. முன் வரிசையில் வைன் கிளாஸோடு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா திரும்பி, அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கவேண்டுமோ என்று யோசிப்பவர்போல என்னைப் பார்த்தார்.

ஏன் சிரித்தேன் என்றால், அந்த நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னது அதுதான் என்று பிறகுதான் தெரியும். படம் பிரெஞ்சு. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அதை வாசிக்க என்னிடம் கண்ணாடி இல்லை. மறந்துபோய் விட்டுவிட்டு வரவில்லை. வேண்டுமென்றே கழற்றிக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் கண்ணாடியை ஒளித்துவிட்டு அரைக்குருடனாகப் படம் பார்க்கப் போவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். இன்னொரு மனிதன்.

அவனை நாங்கள் எல்லோரும் பிரான்ஸ்காரன் என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் இல்லை, என்னைப்போல யாழ்ப்பாணத்தான்தான். நான் லண்டனுக்கு வந்து இறங்கிய காலத்தில் அவன் பாரிஸில் இறங்கினான். அங்கே உணவகக் குசினிகளில் பாத்திரம் கழுவி, பிறகு சமைத்து, கடைசியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு இங்கே மாறி வந்து, வெம்பிளிப் பக்கம் ஒரு சாண்ட்விச் கடை போட்டான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அதை யாரிடமாவது சொன்னால், "அப்பிடியே?" என்று என் வயிற்றைப் பார்ப்பார்கள். அவனுக்கு வயிறு இல்லை. தலைமயிர் இருக்கிறது. கோடையிலும் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றியிருப்பான். அதே துணியை நான் சுற்றினால் சளி, தடிமன் என்று நினைப்பார்கள்.

படத்துக்குப் போன அன்று காலை அவன் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்.

"என்ன மச்சான், கண்ணாடி இன்னும் தடிச்சுப்போச்சு? எனக்கு இன்னும் அந்தத் தேவை வரேல்லை."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி, "ஓம் அண்ணை, உங்களுக்கு நல்ல கண்" என்றாள்.

நல்ல கண். முப்பது வருஷத்துக்குக் கிட்டச் சேர்ந்து வாழ்கிறோம். என்னுடைய எந்த உறுப்பைப் பற்றியும் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கார் தரிப்பிடத்தில் இறங்கும்போது கண்ணாடியைக் கழற்றி எல் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் மூக்கில் அதே கண்ணாடியோடுதான் என் மனைவி, அவன், அவன் மனைவி மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்பது அந்த நேரம் என் புத்திக்கு வரவில்லை.

எல் போர்ட் ஏன் என்றால், கிழமை நாட்களில் நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று மண்டபம் மண்டபமாகப் போய் மைக் பிடிக்கிறவன். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது, கேக் வெட்டக் கூப்பிடுவது, இடையிலே பகிடி விடுவது. பகிடிக்காரன் என்றால் ஹரோப் பக்கத்தில் என் வீட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டுக்குள்ளே என் பகிடிக்குச் சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. முந்திச் சிரித்தாள். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. மண்டபத்தில் நான் ஒரு பகிடியைத் தொடங்கும்போது அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்குவாள். பகிடி முடிய அவளுக்கும் அந்தப் பொருள் கிடைத்துவிடும்.

பிள்ளைகள் இருவரும் வேலை என்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் அவளும் நானும்தான். சிரிக்காத ஒருத்தியோடு ஒரு பகிடிக்காரன் தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது. அதனால்தான் தியேட்டரில் நடந்தது எனக்கு அவ்வளவு எரிந்தது.

பெண்கள் இருவரும் நடுவில், புருஷன்மார் இரண்டு நுனியில். எங்கள் ஆட்கள் நாலு பேர் எங்கே போனாலும் இருக்கிற ஒழுங்கு அதுதான். அன்று பிரான்ஸ்காரனின் மனைவி, "எனக்கு முழங்கால் ஏலாது, நான் நுனியில இருக்கிறன்" என்று வழியோரக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழும்பி உள்ளே வந்தான். வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் என் மனைவி. விளக்கு அணைந்தது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் அவளின் காதுப்பக்கம் சரிந்து, "அக்கா, உந்த இங்கிலிஷ் சரியில்லை. அவள் உண்மையாச் சொன்னது வேற" என்று தொடங்கினான். என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. என் மனைவி சிரித்தது கேட்டது. மெல்லிய சிரிப்பு, மூக்காலே வருவது. நாங்கள் கலியாணம் கட்டிய புதிதில் நான் கேட்ட சிரிப்பு. அதை அவள் வீட்டில் எங்கேயோ பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்தேன். தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவன் திரும்பவும் சரிந்தான். அவள் திரும்பவும் சிரித்தாள்.

அப்போதுதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் சொல்லி அவள் சிரிப்பதற்கு முன்னம் நான் சிரித்துவிடவேண்டும். படம் எனக்கும் விளங்குகிறது, அவனுடைய உதவி இந்த வரிசைக்குத் தேவையில்லை என்று காட்டவேண்டும். அதற்குக் கதை தெரியவேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். கடற்கரையில் ஒரு பெரிய வீடு. ஒவ்வொரு காராக வருகிறது. ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு புருஷன், ஒரு பெண்சாதி, பெரிய பெட்டிகள். கட்டிப்பிடிக்கிறார்கள். யார் எந்த அறையில் படுப்பது என்று பிரச்சினைப்படுகிறார்கள். நீண்ட மேசை போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள்.

இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? கலியாணவீடு. சொந்தக்காரர் வந்து இறங்குகிறார்கள். இப்படி எத்தனை வீட்டில் நான் பாயில் படுத்திருக்கிறேன்! படுக்கிற இடத்துச் சண்டை, சாப்பாட்டு மேசைச் சண்டை, யாருக்கு முதலில் சொன்னது யாருக்குப் பிறகு சொன்னது என்ற சண்டை எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் நான் தைரியமாகச் சிரிக்கத் தொடங்கினேன். சில இடங்களில் மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது என்றே நினைத்தேன். பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் எப்போது காட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கட்டில் காட்சி. பெண் இருக்கிறாள், பெட்டி திறந்து கிடக்கிறது, உடுப்பெல்லாம் வெளியே. புருஷன் கதவடியில் நிற்கிறான். அவள் கையை விரித்து எதையோ சொல்லி அழுகிறாள். கலியாணத்துக்குக் கட்ட எடுத்து வைத்த உடுப்பை வீட்டிலே மறந்துவிட்டு வந்துவிட்டான் மனுசன்! எனக்கு இது நடந்திருக்கிறது. மைத்துனியின் கலியாணத்துக்குப் பாரிஸுக்குப் போனபோது பட்டுச்சேலைப் பையை ரெய்னர்ஸ் லேன் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறியவன் நான். அதனால்தான் தொடையில் தட்டினேன்.

சிரித்து முடிந்து பார்க்கிறேன், தியேட்டர் முழுக்க மூச்சில்லை. என் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். பிரான்ஸ்காரன் அவளுக்கு ஒரு டிஷ்யூ கொடுக்கிறான். மடித்த டிஷ்யூ. அவனிடம் மடித்த டிஷ்யூ இருக்கும் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும்.

திரும்பி வரும்போது நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினேன். ஆண்கள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு. அவன் என் பக்கத்தில் இருந்தாலும் முகம் முழுக்கப் பின்னுக்குத்தான். சீட் பெல்ட் முறுகிப்போகும் அளவுக்குத் திரும்பியிருந்து என் மனைவிக்குப் படத்தை இரண்டாம் முறை விளங்கப்படுத்தினான். என்னிடம் பழகுகிற பிள்ளைகளுக்கு, நிமிஷத்துக்கு ஒருக்கால் பின்கண்ணாடியைப் பார் என்று சொல்லிக் கொடுப்பேன். அன்று நான் முன்னுக்கு றோட்டைப் பார்த்ததுதான் குறைவு.

"எனக்குப் பிடிச்சது எது தெரியுமோ அண்ணை?" என்றாள் என் மனைவி. "அந்த ரெண்டு பேரும் மணலில சும்மா இருக்கினமே, ஒரு கதையும் இல்லாமல். அதுதான்."

"நாங்களும் அப்பிடித்தான் அக்கா," என்றாள் பிரான்ஸ்காரனின் மனைவி. "ஒவ்வொரு ஓகஸ்டும் நானும் இவரும் ஒரு கிழமை போயிடுவம். பிள்ளையள் இல்லை, சொந்தம் இல்லை. சும்மா கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்."

பின்கண்ணாடியில் என் மனைவியின் முகம் தெரிந்தது. கடையில் விலை கேட்காமல் ஒரு சேலையைத் தடவிப் பார்க்கும்போது வருகிற முகம்.

கதையை என் பக்கம் திருப்பவேண்டும் என்று எனக்குப் பட்டது. "படம் நல்ல படம்தான்," என்றேன். "ஆனா கடைசிமட்டும் பொம்பிளை மாப்பிளையைக் காட்டேல்லையே?"

"எந்தப் பொம்பிளை?" என்றான் பிரான்ஸ்காரன்.

"கலியாணப் பொம்பிளை. உவ்வளவு சனம் பெட்டியோட வந்து இறங்கி நிக்குது. ஆருக்குக் கலியாணம்?"

பிரான்ஸ்காரன் முதல்முறையாக முகத்தை என் பக்கம் திருப்பினான். பிறகு அவன் கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினான். அவன் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள், அவன் கொடுத்த அதே டிஷ்யூவாலே.

"ஒருத்தருக்கும் கலியாணம் இல்லை மச்சான்," என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "எல்லாரும் எப்பவோ கட்டினவை. ஹொலிடேக்கு வந்தவை."

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மாவோ?"

"சும்மா மச்சான்!"

சிரிப்பு அடங்கிய பிறகு என் மனைவி, "இவருக்கு ஹொலிடே எண்டால் எங்கயாவது ஆருக்காவது கலியாணம் நடக்கவேணும்" என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

அவள் சொன்னது பிழை இல்லை. எங்களைப்போல ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றாலும், என் கதையைத்தான் சொல்கிறேன். நாங்கள் ஜெர்மனிக்குப் போனது ஒரு சாமத்தியவீட்டுக்கு. கனடாவுக்குப் போனது ஒரு கலியாணத்துக்கு, திரும்பவும் போனது அதே பிள்ளையின் புது வீடு குடிபூரலுக்கு. பாரிஸுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். அந்த உலகப் புகழ் கோபுரத்தை மண்டபத்துக்குப் போகிற வழியில் கார்க் கண்ணாடியால் பார்த்ததோடு சரி. பெட்டிக்குள் எப்போதும் முதலில் போவது பட்டுச்சேலை, கடைசியில் போவது கருவாடு. ஒரு கொண்டாட்டமும் இல்லாமல் ஓரிடத்துக்குப் போய் இருப்பது என்றால், அங்கே போய் யாரிடம், என்ன விஷயமாக வந்தேன் என்று சொல்வது?

பிரான்ஸ்காரன் அந்தக் கதையைக் கடையில் சாண்ட்விச்சோடு சேர்த்து விற்றிருக்கவேண்டும். அடுத்த கிழமை வெம்பிளியில் ஒரு பிறந்தநாள். நான் மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கவே, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை, ஆருக்குக் கலியாணம்?"

மண்டபம் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் நான் விட்ட எந்தப் பகிடிக்கும் அப்படிக் குலுங்கியதில்லை. என் மனைவி கைப்பையைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற மேடையில், என் கையில் மைக் இருக்க, என்னைவிடப் பெரிய சிரிப்பை அங்கே இல்லாத ஒருவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

காய்மகாரம், அதாவது பொறாமை, பொல்லாத சாமான். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், அவனுடைய கடைக்கே. ஒரு மத்தியானம் பழக்கிய பிள்ளையை இறக்கிவிட்டு நேரே அங்கே போனேன். ஒரு சாண்ட்விச் வாங்கினேன். இரண்டாவதும் வாங்கினேன். பிறகுதான் வாய் வந்தது.

"மச்சான், நீ உந்த ஓகஸ்டில போறாயெல்லே. போய் என்ன செய்யிறனி?"

"ஒண்டும் செய்யிறேல்லை. அதுதான் ஹொலிடே."

"இல்லை, காலமை எழும்பி?"

"எழும்பி ஒரு கோப்பி."

"பிறகு?"

"பிறகென்ன, இருக்கிறதுதான்."

"என்ன கதைக்கிறனியள்?"

அவன் பாணை வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "உனக்கென்ன பயமோ?" என்றான்.

"எனக்கென்ன பயம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாண்ட்விச் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று பின்னேரமே ஒரு ஹோட்டலில் இரண்டு இரவுக்கு அறை போட்டேன். லூயிஷாமுக்குக் கிட்ட, தேம்ஸ் கரையோரம். வெள்ளி போய் ஞாயிறு வருவது. மனைவியிடம் சொன்னேன்.

"லண்டனிலயிருந்து லண்டனுக்கு ஹொலிடேயோ?" என்றாள்.

"எங்களுக்கு அங்கால ஒண்டும் தெரியாதெல்லே. ஆத்தங்கரை."

"வேற ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் இல்லை. நானும் நீரும்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "சரி," என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு அவள் ஜன்னலடியில் நின்று மெல்லிய குரலில் எதையோ பாடியது எனக்குக் கேட்டது.

இப்போது ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். அந்தச் சனிக்கிழமை லூயிஷாமில் ஒரு கலியாணம். மைக் நான்தான். எப்போதோ ஒத்துக்கொண்டது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து லூயிஷாமுக்குச் சனிக்கிழமை கார் ஓடுவது என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஹோட்டல் அறைக்கும் மண்டபத்துக்கும் ட்ரெயினில் கொஞ்சத் தூரம்தான். மத்தியானம், "ஒரு சின்ன அலுவல்" என்று கிளம்பி, மூன்று மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டு, அவள் கடைகள் பார்த்து முடிப்பதற்குள் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக இல்லை. ஹொலிடே, கலியாணம் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். எனக்கு வேறு மாதிரி நினைக்கத் தெரியாது. மேடைக் கோட்டை மாத்திரம் அவளுக்குத் தெரியாமல் கார் டிக்கியில், டயருக்கு மேலே மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அறைக்குள் போனோம். ஜன்னலால் ஆறு தெரிந்தது. அவள் பெட்டியைத் திறந்தாள். மேலே பட்டுச்சேலை. அதற்கு மேலே நகைப்பெட்டி.

"உது என்னத்துக்கு?" என்றேன்.

"கலியாணத்துக்கு."

"எந்தக் கலியாணம்?"

"டயருக்கு மேல ஒரு கோட் கிடக்குதே, அந்தக் கோட்டுக்கு எந்தக் கலியாணமோ, அந்தக் கலியாணம்."

கட்டில் நுனியில் அவள் இருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. நான் கதவடியில் நின்றேன். இந்தக் காட்சியை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன் என்பது உடனே விளங்கியது. இந்த முறை கீழே எழுத்து ஓடவில்லை. தேவையும் இல்லை.

அவள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. "நாளைக்கு நீங்கள் போங்கோ, நானும் வாறன். சேலை கொண்டந்திருக்கிறன்தானே" என்றாள். சேலையைத் தட்டி, சுருக்கம் நீக்கிக் கதிரையில் போட்டாள். லூயிஷாமுக்குக் கிட்ட அறை போட்டேன் என்று சொன்ன நாளிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டும் ஜன்னலடியில் நின்று பாடியிருக்கிறாள்.

நான் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று கலியாணப் பொம்பிளையின் தகப்பனுக்குப் போன் அடித்தேன்.

"தம்பி, எனக்கு வயித்துக்கு ஏலாமல் கிடக்கு. நாளைக்கு வர ஏலாது போல."

"ஐயோ அண்ணை! டொக்டரிட்டக் காட்டினியளோ?"

"காட்டவேணும். மைக்குக்கு இப்ப என்ன செய்வியள்? கடைசி நேரத்தில ஆரைப் பிடிக்கிறது? கஷ்டம்தான் என்ன..."

"ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை. பிரான்ஸ் அண்ணை குடும்பமா வாறார்தானே. அவர் நல்லாக் கதைப்பார். நீங்கள் உடம்பைப் பாருங்கோ."

ஒரு மூச்சு விடுகிற நேரம் கூட யோசிக்கவில்லை அந்த மனுசன். நான் செத்திருந்தாலும் நிகழ்ச்சி நிரல் மாறியிருக்காது.

மனைவியிடம் போய், "நான் போகேல்லை. வேற ஆள் பாக்கினம்" என்றேன்.

"ஆர்?"

"ஆரோ ஒருத்தர்."

சனிக்கிழமை ஆற்றங்கரையில் நடந்தோம். நல்ல வெயில். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய் வரவில்லை. தலைக்குள்ளே லூயிஷாம் மண்டபம். இப்போது மணவறைக்கு மாப்பிள்ளை வந்திருப்பார். இப்போது அவன் மைக்கைத் தட்டிப் பார்ப்பான். மைக்கைத் தட்டக்கூடாது, வாயாலே ஊதிப் பார்க்கவேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? மாப்பிள்ளைத் தோழன்மாரைப் பற்றிய என் பகிடியை அவன் எடுத்து விடுவானோ? விடுவான். கழுத்தில் துணியோடு விடுவான்.

ஒரு கபேயில் அவள் சிப்ஸும் தேத்தண்ணியும் வாங்கினாள். நான் கழிவறைக்குப் போகிறேன் என்று எழும்பினேன். இந்தக் காலத்தில் எங்கள் கலியாணம் எல்லாம் நேரலையில் போகும். கதவைப் பூட்டிவிட்டு, மூடிய கொமட்டில் இருந்து போனைத் திறந்தேன். வெளியே கேட்டுவிடும் என்று சத்தத்தை நிறுத்தி வைத்தேன். அவன் மேடையில் நிற்கிறான். கோட் கூட இல்லை, சேர்ட் கையை மடித்துவிட்டிருக்கிறான். வாயை அசைக்கிறான். சபை சிரிக்கிறது. திரும்பவும் அசைக்கிறான். முன்வரிசையில் ஒரு பெரியவர் கதிரையில் சாய்ந்து சிரிக்கிறார். அந்தப் பெரியவரைச் சிரிக்கவைக்க எத்தனை கலியாணங்களில் நான் பாடுபட்டிருப்பேன்! என்ன சொல்கிறான் என்று தெரியாமல், எல்லோரும் சிரிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு இருட்டில் இருப்பது எனக்கு இரண்டாம் முறை. இந்த முறை முந்திச் சிரிக்கவும் வழியில்லை.

கதவில் தட்டுச் சத்தம்.

"இஞ்சருங்கோ, உண்மையாவே வயித்துக்கு ஏலாமப் போட்டுதோ?"

வயிற்றுக் கதையை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. படிக்கட்டில் நின்று சொன்னது அறைக்குள் கேட்டிருக்கிறது.

பிறகு ஆற்றோரத்து வாங்குப் பலகையில் இருந்தோம். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். படகுகள் போயின. நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. எதிர்க்கரையில் கட்டடங்களின் கண்ணாடிகளில் வெயில் மாறிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப் போனாள். போன் அந்தப் பக்கத்துச் சட்டைப்பையில் இருந்தது. கையை எடுத்தால் அவள் எழும்பிவிடுவாள். கேக் வெட்டுகிற நேரம் வந்து, போயிருக்கும். கை விறைத்துப்போனது. நான் அசையவில்லை. இதை அன்பு என்று எழுத எனக்கு ஆசைதான். பாதி அன்பு, பாதி எரிச்சல். எது கூட என்று அந்த நேரம் கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

எழும்பியபோது அவள் கன்னத்தில் என் சட்டைத் தையலின் அடையாளம் இருந்தது. "எவ்வளவு நேரம் படுத்தனான்?" என்றாள். "தெரியேல்லை" என்றேன். அன்று முழுக்க நாங்கள் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குக் குணமாகிவிட்டது. கலியாணம் முடிந்துவிட்டது, இனி எரிந்து என்ன பயன்? காலைச் சாப்பாட்டில் பழைய ஆளாக இறங்கினேன். ஹோட்டல் முட்டையைப் பற்றி ஒரு பகிடி. பக்கத்து மேசைச் சோடியைப் பற்றி ஒன்று. பாண் சுடும் மெஷினைப் பற்றி இரண்டு. அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

காரில் ரெய்னர்ஸ் லேனுக்குத் திரும்பி வரும் வழியிலும் விடவில்லை. பாலம் தாண்டும்வரை பாலத்தைப் பற்றிப் பகிடி. பிறகு ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, படம் பார்த்த நாளிலிருந்து மனதுக்குள் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"அண்டைக்குத் தியேட்டரில அவன் உம்மடை காதுக்குள்ள என்னதான் சொன்னவன்? அப்பிடிச் சிரிச்சீர்?"

"அந்த அண்ணையோ? கடவுளே, ஒரு காட்சியையும் பாக்க விடேல்லை அந்த மனுசன். தொணதொண எண்டு. மரியாதைக்குச் சிரிச்சனான்."

எனக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு அந்த மெல்லிய சிரிப்பு, மூக்காலே வருவது, கலியாணம் கட்டிய புதிதில் எனக்குக் கிடைத்த அதே சிரிப்பு, அதுவும் மரியாதைக்குத்தானோ என்று ஒரு கேள்வி வந்தது. அதை நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாத கேள்விகள் சில இருக்கின்றன என்பது பகிடிக்காரனுக்கும் தெரியும். பதிலாக வேறொன்று கேட்டேன்.

"ஹொலிடே எப்பிடி இருந்தது?"

விளக்கு மாறியது. நான் காரை எடுத்தேன். அவள் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நேற்று நல்லா இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தனீங்கள். இனிமேல் போறதெண்டால் ஆரிலயாவது எரிச்சலோட வாங்கோ, இல்லாட்டி நான் தனியப் போறன்."